பாய்லர் மாமா சோதித்த பருப்பு

ஒரு மனிதரின் வயிற்றை விரல் கணுவால் இரண்டு தட்டு தட்டிவிட்டு, அவர் முந்தின நாள் என்ன பருப்பு சாப்பிட்டார், அது எத்தனை மணி நேரம் ஊறியது, சமைத்தவருக்கு அன்றைக்கு என்ன அவசரம் என்பது வரை சொல்லக்கூடிய ஆள் இந்தியாவிலேயே ஒருவர்தான் இருக்கிறார். அவர் எங்கள் வீட்டுக்கு நேர் மேல்மாடியில் குடியிருக்கிறார். பெயர் பாய்லர் மாமா.

பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருக்கத்தான் வேண்டும். கரண்ட் பில்லில் அது வரும். ஆனால் கொல்கத்தாவின் டாக்குரியா பகுதியில் எங்கள் நாலு மாடிக் கட்டடத்தில் அதை யாரும் படித்துப் பார்த்ததில்லை. தமிழ்க் குழந்தைகளுக்கு அவர் பாய்லர் மாமா, வங்காளிக் குழந்தைகளுக்குப் பாய்லர் காகு. ஐம்பத்தைந்து வயது, கட்டை பிரம்மச்சாரி. திருநெல்வேலியிலிருந்து வேலை தேடி வந்தவர். கொல்கத்தாவில் முப்பது வருஷம் ஓடியும் அவருடைய பேச்சில் திருநெல்வேலி ஒரு அங்குலம்கூட நகரவில்லை. தினமும் காலையில் பஸ் பிடித்து ஹவுராவுக்குப் போவார். அங்கே சந்துக்குச் சந்து இருக்கும் சின்னத் தொழிற்சாலைகளின் பாய்லர்களைச் சோதித்து, இது ஓடலாம், இது ஓடக்கூடாது என்று சொல்வது அவர் வேலை. ஓடக்கூடாத பாய்லரில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டிவிட்டு வருவார். முதலாளி காலில் விழுந்தாலும் துணி அவிழாது.

இந்த வேலை அவருக்குக் கொடுத்த ஒரே கெட்ட பழக்கம், எதைப் பார்த்தாலும் தட்டிப் பார்ப்பது. கடையில் தர்பூசணியைத் தட்டுவார், அது நியாயம். மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியைத் தட்டுவார், அதுவும் சரி. புதிதாகக் குடிவந்தவர்கள் படியேற்றிக்கொண்டிருக்கும் பீரோவைத் தட்டி, "கீழ்த்தட்டு துருப்பிடிச்சிருக்கு" என்று அவர்களுடைய முதல் நாளைக் கெடுப்பார்.

வயிற்றைத் தட்டும் வழக்கம் எங்கள் கட்டடச் சங்கத்தின் செக்ரட்டரி பாபுவிடமிருந்துதான் ஆரம்பித்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை செக்ரட்டரி பாபு மாடிப்படியில் உட்கார்ந்து நெஞ்சைத் தடவிக்கொண்டிருந்தார். இந்த ஊரில் மழையைப் பற்றிப் பேசுவதற்கு முன்பே வயிற்றைப் பற்றிப் பேசிவிடுவார்கள். நெஞ்செரிச்சல், புளித்த ஏப்பம், உப்புசம் எல்லாவற்றுக்கும் சேர்த்து 'அம்போல்' என்று ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். அதைச் சொல்லும்போது முகத்தில் ஒரு குடும்பப் பெருமைகூடத் தெரியும். செக்ரட்டரி பாபுவுக்கு அன்று முழு அம்போல். பாய்லர் மாமா பால் பாக்கெட்டோடு ஏறி வந்தவர், நின்றார், குனிந்தார், டொக் டொக் என்று தட்டினார்.

"கடலைப்பருப்பு. நேத்து மத்தியானம். ஊறவே இல்ல, நேரா குக்கர்ல போட்டிருக்காங்க. லூச்சி எட்டு" என்றார் வங்காளியில்.

செக்ரட்டரி பாபு சட்டையை இழுத்து விட்டுக்கொண்டார். "ஒன்பது" என்றார் மெதுவாக. முந்தின நாள் அவர் சம்பந்தி வீட்டு விருந்துக்குப் போயிருந்தார். விருந்தென்றால் இங்கே லூச்சி என்கிற மைதாப் பூரி இல்லாமல் இருக்காது.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை காலையில் மூன்றாம் மாடிப் படிகளில் சட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஆண்கள் வரிசையாக நின்றார்கள். பெண்களையும் குழந்தைகளையும் மாமா தட்டுவதில்லை. அவர்களிடம் கேள்விகள்தான் கேட்பார். மொத்தம் நாற்பது கேள்விகள். பாதியிலேயே வலி சரியாகிவிட்டதாகச் சொல்லி எழுந்துபோனவர்கள் உண்டு.

அவருடைய சித்தாந்தம் எளிமையானது. "பாய்லர் வெடிச்சா பாய்லரைப் போட்டு ஏசாதேயும். நிலக்கரியையும் ஏசாதேயும். பக்கத்துல நின்ன ஆபரேட்டர் எவன்னு கேளும். வயித்துக்கும் அதுதாம்வே. பருப்பு மேலயும் குத்தமில்ல, கொடலு மேலயும் குத்தமில்ல. ஊறவைக்கச் சோம்பல், நுரையை எடுக்கச் சோம்பல், மெல்லச் சோம்பல். எல்லாம் ஆபரேட்டர் கோளாறு."

அவர் வீட்டுச் சமையல்கட்டில் எவர்சில்வர் தூக்குகள் வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றிலும் சாக்பீஸில் எழுதியிருக்கும்: 'கொண்டைக்கடலை, மாலை ஆறு மணி, தண்ணீர் இரண்டு முறை மாற்றியாச்சு, தொடாதே.' 'ராஜ்மா, இன்னும் நாலு மணி நேரம், மூடியைத் திறந்து பார்க்காதே.' அந்த வீட்டில் அவரைத் தவிர யாரும் இல்லை. எச்சரிக்கை யாருக்கு என்று ஒருமுறை கேட்டேன். "எனக்குத்தான். எனக்கும் அவசரம் வரும்லா" என்றார். அப்படி ஊறி, வெந்து, இஞ்சியும் பெருங்காயமும் ஓமமும் போட்டு இறங்கியதெல்லாம் கிண்ணம் கிண்ணமாக மற்ற மாடிகளுக்குப் போகும். சாப்பிட்டவர்கள் மறுநாள் அறிக்கை கொடுக்க வேண்டும். அதுதான் விலை.

அவர் புகழ் உச்சிக்குப் போனது ஒரு சரஸ்வதி பூஜையன்று. எங்கள் கட்டடத்துப் பூஜைக்கு வழக்கம்போலக் கீழே பெரிய அண்டாவில் கிச்சுரி வெந்துகொண்டிருந்தது. அரிசியும் வறுத்த பாசிப்பருப்பும் சேர்ந்த பிரசாதம். நூறு பேர் இலைக்குக் காத்திருந்தார்கள். மாமா வந்தார், ஒரு கரண்டி எடுத்து விரலால் நசுக்கினார். பாசிப்பருப்பு நசுங்கியது. கூடவே யாரோ ஆர்வத்தில் போட்ட காய்ந்த பட்டாணி நசுங்கவில்லை. தோளில் கிடந்த சிவப்புத் துண்டை எடுத்து அண்டாவின் பிடியில் கட்டிவிட்டார்.

கூட்டம் கொதித்தது. "அம்மனுக்குப் படைச்சதைத் தடுக்க நீங்க யாரு?" என்று சமையல்காரர் கரண்டியோடு வந்தார்.

"அம்மனுக்கு ஒண்ணும் ஆகாது. செக்ரட்டரி பாபுவுக்கு ஆகும்" என்றார் மாமா.

எல்லோரும் செக்ரட்டரி பாபுவைப் பார்த்தார்கள். அவர் வாழ்க்கையிலேயே முதன்முறையாகத் துணிச்சலான ஒரு முடிவெடுத்தார். "இன்னும் கொஞ்சம் வேகட்டும்" என்றார். பட்டாணி வேக இரண்டு மணி நேரம் ஆனது. மூன்று மணிக்குப் பந்தி. ஆனால் அன்று மாலை கட்டடத்தில் ஒருவருக்குக்கூட அம்போல் இல்லை. கீழ்வீட்டுக்காரர் இதைக் கொஞ்சம் ஏமாற்றத்தோடு சொன்னார்.

இவ்வளவையும் பார்த்து மற்றவர்களோடு நானும் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன், என் மகள் பூரணி காளிகாட் மெட்ரோ ஸ்டேஷனில் சுருண்டு விழுகிற வரை.

நான் பள்ளிக்கூடத்தில் புவியியல் ஆசிரியர். மனைவி வங்கி அதிகாரி, காலையில் போனால் இருட்டித்தான் வருவாள். ஆகவே சமையல் என் இலாகா. பூரணி கல்லூரியில் ஜியாலஜி இரண்டாம் ஆண்டு. சிறு வயதிலிருந்தே அவளுக்கு வயிறு கொஞ்சம் முரண்டு பிடிக்கும். போன வருஷம் மே மாதம் தோழிகளோடு வெளியே கொண்டைக்கடலையும் பட்டூராவும் சாப்பிட்டுவிட்டு வரும் வழியில் வலி வந்திருக்கிறது. அவளுடைய போனிலிருந்து முன்பின் தெரியாத ஒரு குரல், "உங்க பொண்ணு இங்கே தரையில உக்காந்திருக்கு" என்றது. நான் போய்ச் சேர்ந்தபோது தூணில் சாய்ந்து, முழங்காலை மார்போடு கட்டிக்கொண்டு, சுண்ணாம்பு நிறத்தில் இருந்தாள். என்னைப் பார்த்துச் சிரிக்க முயன்றாள். அந்தச் சிரிப்புதான் என்னை உலுக்கிவிட்டது. இன்றைக்கும் வகுப்பு நடுவில் போன் அதிர்ந்தால் என் கையிலிருக்கும் சாக்பீஸ் உடைகிறது.

டாக்டரம்மா எல்லாச் சோதனைகளையும் செய்தார். நோய் எதுவும் இல்லை என்றார். குடல் கொஞ்சம் எளிதில் சிணுங்கும் ரகம், ஒத்துக்கொள்ளாததைக் கொஞ்ச நாள் நிறுத்திவிட்டு, பிறகு ஒவ்வொன்றாக, கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பக் கொடுத்துப் பாருங்கள் என்றார். எடை குறைந்தாலோ வேறு எதுவும் புதிதாகத் தெரிந்தாலோ உடனே வரச் சொன்னார். இதில் என் காதில் விழுந்தது 'நிறுத்திவிட்டு' என்பது வரைதான்.

துவரம்பருப்பை நிறுத்தினேன். சாம்பார்ச் சட்டி பரணுக்குப் போனது. கோதுமையை நிறுத்தினேன். இட்லியில் உளுந்து இருக்கிறது என்று இட்லியை நிறுத்தினேன். இட்லிக்கு உறவு என்பதால் தோசையையும். தாளிப்பில் போடும் உளுத்தம்பருப்பைப் பொறுக்கி எடுத்தேன். குழந்தைக்கு மிஞ்சியது வெள்ளைச் சோறு, தயிர், உருளைக்கிழங்கு. நாலு மாதத்தில் பூரணி கைக்கடிகார வாரில் மூன்று புதிய ஓட்டை போட்டாள். வலி வரவில்லை. அதனால் நான் ஜெயித்துக்கொண்டிருப்பதாக நினைத்தேன்.

செப்டம்பரில் கல்லூரியிலிருந்து ஒரு தாள் வந்தது. டிசம்பரில் புருலியா மலைப்பக்கம் பன்னிரண்டு நாள் கள முகாம். பாறைகளைப் பார்த்து, வரைபடம் போட்டு வர வேண்டும். போகாவிட்டால் அந்தப் பேப்பரில் மதிப்பெண் கிடையாது, அந்த வருஷமே போன மாதிரி. தாளின் பின்பக்கம் சாப்பாட்டு விவரம்: காலையில் ரொட்டியும் காய்ந்த பட்டாணிக் குழம்பான குக்னியும், மத்தியானம் மலைமேல் பொரியும் ஊறவைத்த கடலையும், இரவு பருப்பும் சோறும். என் மகளின் எதிரிகள் எல்லோரும் ஒரே தாளில் வரிசையாக நின்றார்கள்.

நான் உட்கார்ந்து, 'மருத்துவக் காரணங்களால் என் மகளுக்கு முகாமிலிருந்து விலக்கு அளிக்குமாறு' என்று ஒரு கடிதம் எழுதினேன். பூரணி அதைப் படித்தாள்.

"பாறையை ஃபோட்டோவுல பாக்கறதுக்கு நான் எதுக்குப்பா ஜியாலஜி எடுத்தேன்?"

"அடுத்த வருஷம் போகலாம்மா."

"அடுத்த வருஷமும் இதே லெட்டரத்தான் எழுதுவீங்க. தேதியை மட்டும் மாத்தி."

கதவைச் சாத்திக்கொண்டு படியேறிப் போனாள். கால் மணி நேரத்தில் பாய்லர் மாமா எங்கள் வாசலில் நின்றார்.

"என்னவே வாத்தியாரே, புள்ளைக்குச் சிவப்புத் துணி கட்டிட்டீராமே. சோதிச்சுப் பாத்தீரா?"

"மாமா, இது விளையாட்டில்ல. இவ கீழ விழுந்ததை நான் பாத்தேன்."

"நானும் வெளையாடல. டாக்டரம்மா எழுதின காகிதத்தைக் கொடும்."

கொடுத்தேன். நின்றபடியே மூன்று தடவை படித்தார். மூன்றாவது வரியில் விரலை வைத்தார். "கொஞ்சம் கொஞ்சமாத் திரும்பக் குடுன்னு எழுதியிருக்கு. இந்தம்மா என்ஜினியர், நான் ஃபிட்டர். அவங்க போட்ட டிராயிங்குக்கு மேல நான் ஒரு ஆணி அடிக்க மாட்டேன். ஆனா ஆபரேட்டர், நீரு டிராயிங்கைப் பாதிதான் படிச்சிருக்கீரு."

மறுநாளே பூரணியோடு நான் டாக்டரம்மாவிடம் போய்க் கேட்டேன். "அதைத்தானே நாலு மாசம் முன்னாடி சொன்னேன்" என்றார்.

அப்படியாக எனக்குப் பயிற்சி ஆரம்பித்தது. மகளுக்கு இல்லை, எனக்கு. முதலில் பாசிப்பருப்பு, ஒரே ஒரு ஸ்பூன். மூன்று நாள் அதே ஸ்பூன். சிணுங்கல் இல்லையென்றால் இரண்டு. பிறகு மசூர் என்கிற மைசூர்ப் பருப்பு, பிறகு துவரை, பிறகு கொண்டைக்கடலை. நடுநடுவே கால் ரொட்டி, அரை ரொட்டி. ராஜ்மா கடைசி, அதுவும் வாய்த்தால். பருப்பை இரண்டு மணி நேரம், கடலையை ராத்திரி முழுக்க ஊறவைத்து, தண்ணீரைக் கொட்டி, கொதிக்கும்போது எழும் நுரையை எடுத்து, குழைய வேகவிட வேண்டும். சமையல்கட்டுக் கதவில் மாமா ஒரு தாளை ஒட்டினார். தேதி, அளவு, விளைவு. தினமும் நான் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும்.

முதல் நாள் பருப்பை நன்றாகத்தான் வேகவைத்தேன். பரிமாறும்போது காளிகாட் ஸ்டேஷன் தூண் கண்ணில் வந்தது. கை தானாக டீ வடிகட்டியை எடுத்தது. பருப்பை வடிகட்டி, மேலே நின்ற மஞ்சள் தண்ணீரில் ஒரு ஸ்பூன் மட்டும் சோற்றில் ஊற்றினேன். வடிகட்டியில் நின்ற பருப்பை வீணாக்க மனமில்லாமல் நானே தின்றேன். தாளில் எழுதினேன்: 'ஒரு ஸ்பூன். தொந்தரவு இல்லை.' மறுநாளும் அப்படியே. ஐந்தாம் நாள் 'இரண்டு ஸ்பூன், தொந்தரவு இல்லை.' ஒன்பதாம் நாள் 'மூன்று ஸ்பூன், மிகவும் நலம்.' பொய் சொல்கிறோம் என்ற உறுத்தல்கூட இல்லை. குழந்தையைக் காப்பாற்றிக்கொண்டிருந்தேன்.

பன்னிரண்டாம் நாள் காலை மாமா வந்து தாளின் முன் வெகுநேரம் நின்றார்.

"பன்னெண்டு நாள்ல ஒரு ஏப்பம்கூட இல்லையா?"

"இல்லையே. நல்லா ஒத்துக்கிச்சு."

"வாத்தியாரே, நல்ல பாய்லர்ல பிரஷர் முள்ளு கொஞ்சம் ஏறும், கொஞ்சம் எறங்கும். ஆடாம அசையாம ஒரே எடத்துல நின்னா, ஒண்ணு கேஜ் ஒடைஞ்சிருக்கு, இல்லைன்னா எழுதுதவன் பொய் சொல்லுதான்."

"கேஜ் உடைஞ்சிருக்கும்" என்றேன்.

மாமா என் எதிரே வந்து நின்றார். "சட்டையைத் தூக்கும்."

"எதுக்கு?"

"தூக்கும்வே."

தூக்கினேன். இரண்டு தட்டு. பூட்டிய வீட்டுக்குள் ஆள் இருக்கிறதா என்று கேட்பவர் மாதிரி தலையைச் சாய்த்துக்கொண்டார். இன்னொரு தட்டு.

"பாசிப்பருப்பு. பன்னெண்டு நாளா. ரெண்டு ஆள் பங்கு."

என் மனைவி அன்று வங்கி விடுமுறையில் வீட்டில் இருந்தாள். செய்தித்தாளை உயர்த்தி முகத்தை மறைத்துக்கொண்டாள். செய்தித்தாள் வெகுநேரம் குலுங்கியது.

நான் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் பூரணி அறையிலிருந்து வந்தாள். "அப்பா வடிகட்டறது எனக்கு ரெண்டாம் நாளே தெரியும் மாமா. தட்டுல மஞ்சத் தண்ணிய ஊத்திட்டுப் பருப்புன்னா, எனக்குக் கண்ணு தெரியாதா?"

"ஏம்மா சொல்லல?" என்றார் மாமா.

"சொன்னா அப்பா பயந்துருவாரு. அதான் நானே கேன்டீன்ல சாப்பிட்டுப் பாத்தேன்."

போனை நீட்டினாள். மாமா கண்ணாடியை ஏற்றிக்கொண்டு சத்தமாகப் படித்தார். திங்கள், பாசிப்பருப்பு ஒரு ஸ்பூன், லேசான உப்புசம். செவ்வாய், ஒரு ஸ்பூன், ஒன்றுமில்லை. வியாழன், ஆசையில் நாலு ஸ்பூன், வலி, நாற்பது நிமிஷம், லைப்ரரியில் உட்கார்ந்து வெந்நீர் குடித்தேன், போய்விட்டது. வெள்ளி, திரும்பவும் ஒரு ஸ்பூன்.

வியாழக்கிழமை. நாற்பது நிமிஷம். அந்த நேரத்தில் நான் பத்தாம் வகுப்பு 'பி' பிரிவில் பருவக்காற்றைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்திருக்கிறேன். என் மகள் தனியாக வலித்து, தனியாகச் சமாளித்து, மறுநாள் தனியாக ஒரு ஸ்பூனுக்கு இறங்கியிருக்கிறாள்.

மாமா போனை இரண்டு கையாலும் அவளிடம் திருப்பிக் கொடுத்தார். "இதுதாம்வே ரெக்கார்டு. நீரு எழுதினது கதை" என்றார் என்னிடம். பிறகு கதவில் ஒட்டிய தாளைக் கிழித்துவிட்டுத் தீர்ப்பு சொன்னார். எனக்கு ஆறு வாரம் சஸ்பென்ஷன். பருப்பைப் பூரணியே வேகவைத்துக்கொள்வாள், அது அடுப்பில் இருக்கும்போது நான் சமையல்கட்டு வாசலைத் தாண்டக்கூடாது. டீ வடிகட்டி பறிமுதல். என் மனைவி கல்யாணமாகி முதல் தடவையாக அவருக்குக் காபி போட எழுந்தாள். மாமா காபி குடிப்பதில்லை என்பது அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது.

அக்டோபரில் துர்கா பூஜை அஷ்டமியன்று பந்தலில் பூரணி தோழிகளோடு உட்கார்ந்து நாலு கரண்டி கிச்சுரி சாப்பிட்டாள். நான் பந்தல் மூங்கிலுக்குப் பின்னால் நின்று எண்ணினேன். நவம்பரில் கொண்டைக்கடலையில் சறுக்கினாள். பத்துக் கடலையிலிருந்து இருபத்தைந்துக்கு ஒரே நாளில் போனதால் மாலையில் சோபாவில் சுருண்டுவிட்டாள். நான் படியில் இரண்டிரண்டாக ஏறி மாமாவின் கதவை இடித்தேன். வெந்நீர்ப் பையோடுதான் கதவைத் திறந்தார். தயாராகவே வைத்திருக்கிறாரே என்று நினைத்துக்கொண்டேன்.

"டாக்டர்கிட்ட போயிடலாம் மாமா. முகாமும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்."

"ஒரு மணி நேரம் பாப்போம். அதுக்கு மேல இருந்தா டாக்ஸியை நானே கூப்பிடுதேன்."

ஐம்பதாவது நிமிஷம் பூரணி எழுந்து உட்கார்ந்து, "பதினஞ்சுலயே நின்னிருக்கணும்" என்றாள். மறுநாள் டாக்டரம்மாவிடம் போனில் கேட்டோம். சரிதான், பதினைந்திலேயே நிற்கட்டும் என்றார். யாரும் என்னைக் கேட்கவில்லை.

டிசம்பரில் ஹவுரா ஸ்டேஷன். முதுகில் பை, கையில் சுத்தியல், காலில் தடித்த பூட்ஸ். என் மகளா என்று ஒரு கணம் சந்தேகம் வந்தது. தோழிகள் ஜன்னலோர இடத்துக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். மாமா வறுத்துப் பொடித்த ஓமமும் சீரகமும் ஒரு டப்பாவில் கொண்டுவந்திருந்தார். டப்பாவின் மூடி சரியாக மூடவில்லை.

"ஒரு காகிதம் இருந்தாக் குடும். பொட்டலமாக் கட்டிருவோம்" என்றவர் என் சட்டைப்பையைப் பார்த்தார். "அது என்னவே, நாலா மடிச்சு வச்சிருக்கீரு?"

மூன்று மாதமாக அந்த விலக்குக் கடிதம் சட்டை மாறும்போதெல்லாம் என்னோடு மாறிக்கொண்டிருந்தது. கடைசி நிமிஷத்தில் தேவைப்பட்டால் என்று. மாமா அதைப் பிரித்து, 'மருத்துவக் காரணங்களால்' என்ற வரியின் மேலேயே பொடியைக் கொட்டி, பெட்டிக்கடைக்காரர் நேர்த்தியோடு பொட்டலம் கட்டிப் பூரணியின் கையில் கொடுத்தார். ரயில் நகர்ந்தது. நான் கையசைத்துக்கொண்டே பிளாட்பாரத்தின் கடைசி வரை போனேன். மாமா பின்னால் வந்து என் சட்டையைப் பிடித்து நிறுத்தினார்.

மலையில் டவர் இல்லை. மூன்று நாளுக்கு ஒருமுறை 'நல்லா இருக்கேன்' என்று ஒரு செய்தி வரும். பன்னிரண்டு நாளில் நான் மூன்று கிலோ இளைத்தேன். பதின்மூன்றாம் நாள் கருத்துப்போய், உதடு வெடித்து, ஒரு சாக்கு நிறையக் கல்லோடு வந்து இறங்கினாள். டாக்ஸியில் ஏறியதும் சொன்னாள்.

"அஞ்சாம் நாள் மலை மேல வலி வந்துச்சுப்பா. காலையில குக்னி கொஞ்சம் ஜாஸ்தி."

நான் டாக்ஸியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன். "அப்புறம்?"

"உக்காந்தேன். வெந்நீர் இருந்துச்சு, உங்க லெட்டர்ல ஓமம் இருந்துச்சு. எல்லாரும் முன்னாடி போயிட்டாங்க, சார்கிட்ட ரிசர்ச் பண்ற ஒரு அக்கா மட்டும் கூட இருந்தாங்க. சும்மா உக்காந்திருக்கோமேன்னு பக்கத்துப் பாறையைப் பாத்தேன். ஒரு வகைப் பாறை முடிஞ்சு இன்னொண்ணு ஆரம்பிக்கிற கோடு அங்கதான் ஓடுது. முன்னாடி போனவங்க யாரும் பாக்கல. சார் எல்லாரையும் திருப்பிக் கூட்டிட்டு வந்து காமிச்சாரு. மேப்புல அந்தக் கோட்டுக்கு என் பேருதான் வச்சிருக்காங்க, கிண்டலுக்கு."

நான் இருபத்தாறு வருஷமாகப் புவியியல் சொல்லிக்கொடுக்கிறேன். என் பெயரில் எங்கும் ஒரு கோடும் இல்லை. டாக்ஸி டிரைவரிடம் வங்காளியில் விஷயத்தைச் சொன்னேன். சிக்னலில் பக்கத்தில் நின்ற ஆட்டோக்காரரிடமும் சொல்லப் போனேன், பூரணி கண்ணாடியை ஏற்றிவிட்டாள்.

மறுநாள் சாம்பார்ச் சட்டி பரணிலிருந்து இறங்கியது. துவரம்பருப்பு, முருங்கைக்காய். பூரணி இரண்டு கரண்டி ஊற்றிக்கொண்டு, அதோடு நிறுத்திக்கொண்டாள். அந்த நிறுத்தம்தான் எனக்கு இன்னும் பெருமையாக இருந்தது. ஒரு பெரிய கிண்ணம் நிறையச் சாம்பாரை எடுத்துக்கொண்டு நானே மேலே போனேன்.

கதவைத் திறந்தது மாமா வீட்டில் பாத்திரம் தேய்க்க வரும் மினதி. மாமா மேஜையில் உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வேறு எதுவும் இல்லை. மினதி கிண்ணத்தைப் பார்த்தாள்.

"பருப்பா? அண்ணாவுக்கு எதுக்கு? அவர்தான் பருப்பே தொட மாட்டாரே" என்றாள் வங்காளியில். "நான் வேலைக்கு வந்து பதினோரு வருஷமாச்சு, சோறும் தயிரும்தான். பருப்பு பட்டாலே வயிறு பிடிச்சுக்கும். இந்த மூணு மாசம்தான் என்ன பைத்தியமோ, தினம் ஒண்ணு ஸ்பூன்ல எடுத்துத் தின்னுட்டு, வெந்நீர்ப் பையை வச்சுக்கிட்டுப் படுத்துக்குவார். கடலை தின்ன அன்னிக்கு ரெண்டு நாள் ஹவுராவுக்கே போகல. கீழ்வீட்டுல சொல்லக்கூடாதுன்னு எனக்கு உத்தரவு வேற."

நான் கிண்ணத்தை மேஜையில் வைத்தேன். இத்தனை வருஷத்தில் அவர் எங்களுக்கெல்லாம் கொடுத்ததைத்தான் பார்த்திருக்கிறேன். அவர் சாப்பிட்டு நான் பார்த்ததே இல்லை.

"என்ன மாமா இது?"

மாமா மினதியை முறைத்தார். பிறகு தட்டைப் பார்த்துக்கொண்டு பேசினார். "அந்தப் புள்ளைக்கு அடுத்து என்ன அளவுன்னு சொல்லணும்லா. சும்மா எப்படிச் சொல்ல? மொத நாளு நான் தின்னு பாப்பேன். எனக்குத் தாங்கிச்சுன்னா அவளுக்குத் தாங்கும். ஊர்லயே மோசமான வயிறு என்னுதுதாம்வே."

"எங்ககிட்ட சொல்லியிருக்கலாமே."

"சொன்னா நீரு என்னையும் வடிகட்டியிருப்பீரு." ஒரு வாய் சாப்பிட்டார். "மத்ததெல்லாம் சின்ன ஸ்பூன்ல ஒருவழியாப் போகுது. ராஜ்மாதான் சரிப்படல. அது அவளுக்கும் வேண்டாம்னு டாக்டரம்மாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிடும். நான் தின்ன கதையை மட்டும் அவட்ட சொல்லாதேயும். பயந்துருவா."

நான் பூரணியிடம் சொல்லவில்லை. ஆனால் இதை வெளியிடும் இந்தப் பத்திரிகை எங்கள் வீட்டுக்கும் வரும். அவள் படித்தாலும் பரவாயில்லை. இப்போதெல்லாம் நாங்கள் சாம்பார் வைக்கிற நாட்களில், யாரும் சொல்லாமலே, அவள் ஒரு கிண்ணத்தில் தயிர்சாதம் பிசைந்து, கடுகு மட்டும் தாளித்து, உளுத்தம்பருப்பு ஒன்றுகூட விழாமல் பார்த்து, மூடி போட்டு மாடிக்கு எடுத்துப் போகிறாள்.